சுண்டுவும் நானும் ஒன்றாம் வகுப்பு

ஜூன் 12, வியாழன்

தேதியை நாள்காட்டியைப் பார்த்து வரைந்துவிட்டேன். ஒரு குச்சி, பக்கத்தில் ஒரு வாத்து. கிழமையை எழுதத்தான் பிடித்திருக்கிறது. வியாழன் என்றால் வியாழன். அதில் குழப்பம் இல்லை.

தினமும் எழுதச் சொன்னது டாக்டர். "எழுத்து உங்களை விட்டுப் போகலைம்மா. அதை விடாம பிடிச்சுக்குங்க." நடக்கிறேன், பேசுகிறேன், சமைக்கிறேன். மருந்துகளின் பெயர் ஒன்றுகூட மறக்கவில்லை. மூளையின் இடது பக்கம் ரத்தம் கசிந்தபோது எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நகையெல்லாம் அப்படியே இருக்க, கரண்டிகளை மட்டும் அள்ளிக்கொண்டு போன திருடன் மாதிரி. யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

காலையில் சுண்டுவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு லிஃப்டில் திரும்பி வந்தேன். எங்கள் மாடிப் பொத்தானில் அவர் பச்சை டேப் ஒட்டி வைத்திருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதில் இப்படி ஒரு லாபம். பச்சையை அழுத்தினேன். வீடு வந்தது.

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். இருந்தேன் இல்லை — இருக்கிறேன். விடுப்பில் இருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

சுண்டுவின் பையில் ஒரு சின்னப் பெட்டி. டாமினோ கட்டைகள். டீச்சர் வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறார். கறுப்பாக, வழவழவென்று, நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெள்ளைப் புள்ளிகள். மூடிக்குள் ஒரு சீட்டு: 'தினமும் கொஞ்ச நேரம் விளையாட வையுங்கள். இரண்டு பக்கப் புள்ளிகளையும் கூட்டச் சொல்லுங்கள். பெற்றோர் சரிபார்க்கவும்.'

பெற்றோர் சரிபார்க்கவும்.

அவர் வேலையிலிருந்து வர நேரமாகும் என்று சொல்லியிருந்தார். நான்தான் உட்கார்ந்தேன். சுண்டு ஒரு கட்டையை எடுத்து வைத்து, ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டு எண்ணினாள். "எட்டு! சரியாம்மா?"

பார்த்தேன். புள்ளிகள் தெரிகின்றன. வெள்ளையாக, சுத்தமாக. ஆனால் சிந்திய சர்க்கரை மாதிரி தெரிகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்கும் சொல்ல வருகிறது — பாட்டாக வருகிறது. பாட்டு ஒரு பக்கம் ஓடுகிறது, விரல் ஒரு பக்கம் ஓடுகிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

"சரிதான்" என்றேன்.

அவள் விடவில்லை. என் மகளாயிற்றே. "நீ எண்ணவே இல்லையே."

மறுபடி பார்த்தேன். என்னென்னவோ செய்தேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "அம்மா, உனக்குத் தெரியாதா?"

ஆறு வயதுக் குழந்தை அப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை. "தெரிஞ்சுது. இப்போ தெரியல" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "காய்ச்சல் வந்தப்போ நான் ரெண்டு நாள் ஸ்கூலுக்குப் போகலைல்ல? அப்போ எனக்கும் ஒண்ணும் தெரியாம போச்சு. அந்த மாதிரியா?"

அந்த மாதிரிதான் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

'எங்கம்மாவுக்கும் ஹோம்வொர்க் குடுங்க' என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். மானம் போயிற்று. சிரித்து முடித்த பிறகு எனக்கும் ஒரு பென்சிலைச் சீவி வைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சுண்டு வகுப்பு எடுக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "நான் டீச்சர் இல்ல. நானும் ஒண்ணாவது, நீயும் ஒண்ணாவது. பக்கத்துப் பக்கத்துல உக்காரணும்." ஆகவே ஜமுக்காளத்தில் பக்கத்துப் பக்கத்தில்.

இன்றைய பாடம்: எண்ணாமலே சொல்வது. கட்டையைக் காட்டி உடனே மறைத்துவிட வேண்டும். பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்ல வேண்டும். ஐந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்த சதுரம். ஆறு, இரண்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகள். மூன்று, குறுக்கே சாய்ந்து கிடக்கும். புள்ளியே இல்லாத பக்கத்துக்கு அவள் வைத்த பெயர் மொட்டை. இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கும் கட்டை 'மொட்டை மாமா'. அதைத் தூக்கினால் மாமாவுக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும்.

எண்ணவே கூடாது என்றதும் எனக்குப் பாரம் குறைந்தது. எண்ணுவதில்தானே நான் தோற்றுக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது போல — ஐந்துக்கு ஒரு முகம் இருக்கிறது! அதை நான் அடையாளம் கண்டேன். வரிசையாகச் சில தடவை. சுண்டு கைதட்டினாள்.

நாத்தனார் வந்திருந்தாள். சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வெங்காயம் அண்ணி" என்றாள். வெங்காயத்தை இன்னும் எடுக்கவே இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

முடியவில்லை. நேற்று வந்த முகங்கள் இன்று வரவில்லை. நான்கும் ஐந்தும் அக்கா தங்கை மாதிரி நின்று ஏமாற்றுகின்றன. கட்டையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவர் சொன்னார், "விட்டுடேன். எதுக்கு இப்படி உன்னையே வருத்திக்கிற? கடைக்கு நான் போறேன், கணக்கு வழக்கு நான் பார்த்துக்கறேன். நீ நல்லா இரு, அது போதும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் நான் நல்லா இருப்பது எங்கே என்று அவருக்குத் தெரியாதா? காலை வேலை மாறும் நேரம், ஜன்னல் திரைகளை விலக்கிவிட்டுக்கொண்டே ஒவ்வொரு கட்டிலாகப் போவேன். தூங்கி எழுந்த பிள்ளைகளின் சூடு அந்த அறை முழுக்க இருக்கும். ஒருத்தி பொம்மைக்கும் சேர்த்து ஊசி போடச் சொல்லுவாள். ஒருத்தன் என்னைக் கண்டதுமே கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வான். மருந்துக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து ஊசிக்குழாயில் உறிஞ்சும்போது மருந்து சரியான கோட்டில் வந்து நிற்கும். நான் நிறுத்த மாட்டேன், தானாக நிற்கும். அப்படித்தான் இருந்தது அப்போது.

இப்போது வீட்டு ஜன்னல் திரையை விலக்கினால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது.

ஜூலை 9, புதன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

சுண்டு ஒரு கட்டையை வைத்தாள். நான்கும் மூன்றும். ஏழு என்றாள். அப்புறம் கட்டையை அப்படியே திருப்பி வைத்தாள். "இப்போ?" நான் புதுக் கணக்கு என்று நினைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா! அதே கட்டைதான்மா! நான் திரும்பி நின்னா வேற ஆளா ஆயிடுவேனா?"

மண்டைக்குள் ஏதோ ஒரு கதவு கிறீச்சிட்டது. நான்கும் மூன்றும், மூன்றும் நான்கும் ஒரே கட்டை. இத்தனை நாளும் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

உடனே ஒரு பக்கத்தைக் கையால் மூடினாள். "மொத்தம் ஏழுன்னு தெரியும். இங்க நாலு தெரியுது. என் கைக்குள்ள ஒளிஞ்சிருக்கறது எத்தனை?"

"மூணு."

"அதான் கழித்தல்" என்று தோளைக் குலுக்கினாள், ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி.

ஒளிந்திருப்பதுதான் கழித்தல். போய்விடுவது இல்லை. கைக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

வார்டிலிருந்து சின்ன சிஸ்டர் வந்திருந்தாள், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. வேலைக்குச் சேர்ந்தபோது கை நடுங்க நடுங்க ஊசி போடுவாள். இப்போது அவள் பேச்சில் ஒரு நிமிர்வு வந்திருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். தீக்காயத்தோடு வந்த ஒரு பெண், யாரையும் கிட்ட விடமாட்டேன் என்கிறதாம். கட்டு மாற்றும் நேரம் வார்டே அலறுகிறதாம்.

"எந்தக் கட்டில்?" என்று கேட்டேன்.

"ஜன்னலோரம் அக்கா."

"வெயில் படும் அங்க. மத்தியானம் திரையை இழுத்துவிடுங்க. கட்டுத் துணியை நனைய வச்சு, அப்புறம் எடுங்க. அவசரப்பட்டா அடுத்த தடவை கிட்டவே விட மாட்டா."

அவள் தலையாட்டினாள். நான் பேசிக்கொண்டே போனேன். பசித்தவள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது போல. எழுந்திருக்கும்போது வழக்கமாகக் கேட்பது போலக் கேட்டுவிட்டாள், "எப்போ வர்றீங்கக்கா?" கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கூடிய சீக்கிரம்" என்றேன்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் சத்தத்துக்கு ஒரு நன்றி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுதவே கை வரல. எழுதறேன்.

பெரிசு சின்னது ஆட்டம். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கட்டை எடுக்கணும். புள்ளி அதிகமா இருக்கறவங்களுக்கு ரெண்டு கட்டையும். நான் ஜெயிச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். பாருங்கன்னு அவரைக்கூடக் கூப்பிட்டேன். அப்புறம் சுண்டு தண்ணி குடிக்க எழுந்தா. அவ உக்காந்திருந்த இடத்துல தொடைக்கு அடியில கட்டைங்க. எல்லாம் பெரிய கட்டைங்க. ரெட்டை ஆறு, ஆறும் அஞ்சும், ரெட்டை அஞ்சு — எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருக்கா. சின்னதா பார்த்துப் பார்த்து எடுத்து எங்கிட்ட தோத்திருக்கா.

விட்டுக்குடுக்கறா. எம்பொண்ணு எனக்கு விட்டுக்குடுக்கறா.

நான்தானே அவளுக்கு விட்டுக்குடுக்கணும்? ஓட்டப்பந்தயத்துல மெதுவா ஓடறது, அவ ஒளிஞ்சிருக்கற இடம் தெரிஞ்சும் தெரியாத மாதிரி தேடறது — அதெல்லாம் என் வேலை இல்லையா? எப்போ இடம் மாறினோம்?

திரும்பி வந்தாள். கட்டைகள் இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவேன் என்று நினைத்திருப்பாள். "இனிமே நிஜமா ஆடலாமா?" என்றேன். தலையாட்டினாள். நிஜமாக ஆடினோம். நிஜமாகத் தோற்றேன். படுமோசமாக. ஆனால் இடையில் ஒரே ஒரு தடவை, அவள் மூஞ்சி சுருங்கும்படி, நிஜமாக ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து மேட்ரன் போன் செய்தார். "உன்னைப் போட்டு அவசரப்படுத்தறேன்னு நினைக்காதேம்மா. அடுத்த மாசத்தோட விடுப்பு முடியுது. ஒரு நாள் வந்து என் எதிரே நாலு கணக்குப் போட்டுக் காட்டு. போட்டுட்டேன்னா நான் கையெழுத்துப் போடறேன். உன் எடம் உனக்குத்தான்."

என் இடம்! அந்தச் சொல்லையே நாள் முழுக்க வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரட்டைக் கட்டைகள் எல்லாம் தெரிந்துவிட்டன. ரெட்டை மூணு ஆறு, ரெட்டை நாலு எட்டு. இரண்டு கட்டைகளைச் சேர்த்துப் பத்து வர வைக்கும் ஆட்டத்தில் சுண்டுவுக்கு ஈடு கொடுக்கிறேன். டாக்டர்கூட ஆச்சரியப்பட்டார். எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டார். என் வகுப்புத் தோழி உதவினாள் என்றேன்.

இன்று துணிந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். நாடியை எண்ண வேண்டும். சோபாவில் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் மனசுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். ஐந்து சேர்ந்ததும் ஒரு கட்டை. அப்புறம் அடுத்த ஐந்து. கட்டை கட்டையாக அடுக்கிக்கொண்டே போனேன்.

"உயிரோட இருக்கேனா?" என்றார்.

"பேசாதீங்க, எண்ணிக்கை போயிடும்."

"பேச விடாத நர்ஸ்கிட்ட எல்லாம் நான் வைத்தியம் பார்த்துக்க மாட்டேன்."

சிரித்ததில் எண்ணிக்கை போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை முடித்தேன். அவர் கைபேசியில் ஏதோ ஒரு செயலியை வைத்துச் சரிபார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார்.

செப்டம்பர் 6, சனி

சுண்டு புதிய ஆட்டம் ஒன்றைக் கொண்டுவந்தாள். கட்டையைக் கூட்டக் கூடாதாம், படிக்க வேண்டுமாம். மூணும் அஞ்சும் வைத்தால் முப்பத்தஞ்சு. திருப்பி வைத்தால் அம்பத்தி மூணு.

"அன்னைக்குத் திருப்பி வச்சா ஒண்ணுதான்னு சொன்னியே?" என்றேன்.

"அது கூட்டும்போதும்மா. இது படிக்கும்போது. எடம் மாறினா மதிப்பு மாறிடும்."

எவ்வளவோ முயன்றேன். ஒரே மூன்று எப்படி ஒரு சமயம் மூன்றாகவும் ஒரு சமயம் முப்பதாகவும் இருக்கும்? எனக்குத் தலை சுற்றியது. அவள் ஒவ்வொரு கட்டையாக எடுத்து மளமளவென்று படித்துக்கொண்டே போனாள். எடுத்த கட்டைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக வைத்தாள். நடுவில் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வரிசை நீண்டு கட்டில் காலுக்குப் பக்கத்தில் போய்விட்டது, அவளும் தவழ்ந்துகொண்டே கூடப் போய்விட்டாள்.

நான் ஜமுக்காளத்தின் இந்த முனையில்.

செப்டம்பர் 10, புதன்

"அம்மா, டீச்சர் சொல்லிட்டாங்க. எனக்கு இனிமே கட்டை வேணாமாம். மனசுலயே போடலாமாம். நட்சத்திரம் குடுத்தாங்க, பாரு!"

கையில் ஒட்டியிருந்த காகித நட்சத்திரத்தைக் காட்டினாள். தூக்கிச் சுற்றினேன். முத்தம் கொடுத்தேன். எந்தத் தாய்க்குத்தான் சந்தோஷம் இருக்காது?

இருந்தது. நிஜமாகவே இருந்தது. ஆனால் என்னை வகுப்பில் விட்டுவிட்டு அவள் மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். பெட்டியை நானே திறந்து, நானே கட்டையை வைத்து, நானே மூடி, நானே கேட்டுக்கொண்டேன்: கைக்குள் ஒளிந்திருப்பது எத்தனை? பதில் சொல்ல ஆள் இருந்தது. சிரிக்கத்தான் ஆள் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

போனேன்.

மேட்ரன் அறைக்குப் போகும் வழியில் வார்டு கதவு திறந்திருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அதே வாசனை. கிருமிநாசினியும் பாலும் குழந்தைகளின் தலையும் கலந்த வாசனை. கால் அதுவாகவே உள்ளே திரும்பப் பார்த்தது. இழுத்துக்கொண்டு போனேன்.

கூட்டல் போட்டேன். கழித்தல் போட்டேன். மேட்ரனின் நாடியை எண்ணிக் காட்டினேன். "அட, சபாஷ்!" என்றார். கடைசியாக மருந்துக் கணக்கு. குழந்தையின் எடை இவ்வளவு, கிலோவுக்கு மருந்து இவ்வளவு, குப்பியில் கரைந்திருப்பது இவ்வளவு, எத்தனை மில்லி எடுப்பாய்?

தாளின் ஓரத்தில் கட்டைகள் வரைந்தேன். வரைந்து, அடுக்கி, அடித்து, மறுபடி அடுக்கி... மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் பதறக் கூடாது என்று. கடைசியில் ஒரு விடை வந்தது. எழுதினேன்.

பார்த்தார். முகம் மலர்ந்தது. "சரிதான்மா! சரியா போட்டிருக்கே! கொஞ்சம் நேரமாகுது, அவ்வளவுதான். அது வேலை செய்யச் செய்ய வந்துடும்." பேனாவைத் திறந்தார்.

எனக்கு அப்போதுதான் வியர்த்தது. அவர் சரி என்று சொல்லும்வரை அது சரி என்று எனக்குத் தெரியவே இல்லை. அந்த இடத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிய எண் இருந்திருந்தாலும் அதே முகத்தோடுதான் நீட்டியிருப்பேன். முன்பெல்லாம் தப்பான அளவு ஒன்று கண்ணில் பட்டால் படித்து முடிப்பதற்குள் வயிற்றைப் பிடிக்கும். யார் எழுதிய சீட்டாக இருந்தாலும், நானே எழுதியதாக இருந்தாலும், கை நின்றுவிடும். இன்று வயிறு சும்மா இருந்தது. சரியான விடைக்கும் சும்மா, தப்பாக இருந்திருந்தாலும் சும்மா.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க."

"என்னம்மா சொல்றே?"

"விடை சரிதான். அது சரின்னு எனக்குத் தெரியல. தப்பா வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. அப்படியே ஊசியில ஏத்திடுவேன். ஏதோ ஒரு பிள்ளைக்கு."

"கூட இன்னொருத்தரை வச்சு சரிபார்த்துக்கலாம்..."

"எல்லா நேரமும் இன்னொருத்தர் இருப்பாங்களா மேடம்? நம்ம வார்டுல?"

அவர் பேனாவை மூடி வைத்தார். மேஜையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. வாங்கிய திட்டுதான் நிறைய.

செப்டம்பர் 20, சனி

"பரீட்சையில பாஸ் பண்ணிட்டு வேணாம்னு வந்த ஒரே ஆள் நீதான்" என்றார் அவர். கோபமா என்று கேட்டேன். "இல்ல. என் பிள்ளை அந்தக் கட்டில்ல கிடந்தா நீ சொன்னதைத்தான் நானும் சொல்லுவேன்."

சுண்டுவுக்கு மட்டும் புரியவில்லை. "எல்லாக் கணக்கும் ரைட்டு, அப்புறம் ஏன் ஃபெயில்?" எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? காய் நறுக்கினேன். துணி மடித்தேன். வியாழக்கிழமை பேருந்தில் ஏறி, எங்கே போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினேன். வெளியே மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தேன்.

குழந்தைகள் வார்டு ஜன்னலில் ஒரு திரை பாதி இழுத்துக் கிடந்தது. அதை முழுசாக இழுத்துவிட வேண்டும் என்று கை குறுகுறுத்தது. அவ்வளவுதான் ஆசை. ஒரு திரை.

அப்போது தோன்றியது. நான் ஏங்குவது ஊசிக்கா? மருந்துக்கா? வெள்ளைச் சீருடைக்கா? ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். இல்லை, இல்லை, கொஞ்சம்.

அப்படியென்றால் எதற்கு?

அக்டோபர் 5, ஞாயிறு

வீட்டில் சொல்லிவிட்டேன். மேட்ரனிடம் நேற்றே பேசியாயிற்று. அதே வார்டில் ஆயா வேலை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, படுக்கை விரிப்பது, ஊட்டிவிடுவது, சக்கர நாற்காலி தள்ளுவது. மருந்து அலமாரிப் பக்கம் போகவே கூடாது. மேட்ரன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "உன்னை எப்படிம்மா நான் வேலை ஏவுவேன்?" என்றார். முன்பு ஏவியது போலவே ஏவுங்கள் என்றேன். அதில் ஒன்றும் குறை வைத்ததில்லையே.

நாத்தனார்தான் கொதித்துவிட்டாள். "சிஸ்டர்னு கூப்பிட்ட வாயால ஆயான்னு கூப்பிடுவாங்க அண்ணி! உங்ககிட்ட ஊசி போடக் கத்துக்கிட்ட பொண்ணு உங்களைத் தொட்டி கழுவச் சொல்லுவா. தாங்குமா உங்களுக்கு?"

"தாங்குமான்னு போய்ப் பார்த்தாத்தானே தெரியும்."

"அண்ணா, நீயாவது சொல்லேன்!"

அவர் கைநகத்தைச் சுரண்டினார். கிரீஸ் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பிறகு சொன்னார், "இவ வீட்டுல இருந்த இத்தனை மாசமும் நான் பார்த்துட்டேன். சாப்பிடறா, தூங்கறா, சிரிக்கக்கூட சிரிக்கறா. ஆனா இவ இங்க இல்ல. போகட்டும். போயிட்டு சாயந்திரம் திரும்பி வருவால்ல, அப்போ முழுசா வரட்டும்."

நாத்தனார் கிளம்பும்போது, "ரப்பர் செருப்பு வாங்கிக்குங்க, தரை வழுக்கும்" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை. சுண்டுவுக்கு வெளியே போக முடியாத எரிச்சல். அலமாரியைக் குடைந்தவள் டாமினோ பெட்டியோடு வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி பாடமா?

"கணக்கு வேணாம். சும்மா ஆடலாமா? டீச்சர் சொல்லித்தராத ஆட்டம், வேன்ல அக்காங்க ஆடறது."

கட்டையோடு கட்டையைச் சேர்ப்பதுதான் ஆட்டம். முனையில் நான்கு இருந்தால் நான்கைக் கொண்டு ஒட்ட வேண்டும். மொட்டைக்கு மொட்டை. கையிலிருப்பது முதலில் தீர்ந்தவர் ஜெயித்தவர். கூட்ட வேண்டாம், கழிக்க வேண்டாம், சரிபார்க்கவும் வேண்டாம். பாம்பு மாதிரி வரிசை வளைந்து நாற்காலிக்குக் கீழே போயிற்று. குனிந்து குனிந்து வைத்தோம். அவள் என் கையை எட்டிப் பார்த்தாள். நான் அவள் தலையில் குட்டினேன். ஒரு சுற்று ஜெயித்தேன். "கள்ளாட்டம்!" என்று கத்தினாள். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு சுற்றுக்குக் கட்டைகளைக் கலைத்தாள்.

என்னிடம் தோற்றதற்கு அழுகிறாள். அந்த அழுகையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நவம்பர் 3, திங்கள்

முதல் நாள்.

நீலச் சீருடை. தோள் கொஞ்சம் இறுக்கம், பிரித்துத் தைக்க வேண்டும். சின்ன சிஸ்டருக்குத்தான் என்னைவிடச் சங்கடம். எச்சில் தொட்டியை எடுத்துக் கழுவி வைக்கும்படி சொல்ல வாய் வராமல் அவளே எடுக்கப் போனாள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "உங்க வேலையைப் பாருங்க சிஸ்டர்" என்றேன். அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். அதற்குள் யாரோ வாந்தி எடுத்துவிட்டார்கள், இருவருக்கும் வேலை வந்துவிட்டது.

பத்து மணி போல வராந்தாவில் யாரோ "சிஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். திரும்பிவிட்டேன். என்னை இல்லை. கொஞ்சம் வலித்தது. பொய் சொல்லக் கூடாது, நிறையவே வலித்தது.

மத்தியானம், இன்று காலை அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒரு பொடியனுக்கு மயக்கம் தெளிந்தது. அவன் அம்மா சாப்பிடப் போயிருந்தாள். விழித்ததும் அந்நிய முகம், அந்நியக் கூரை. உதடு பிதுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். "அம்மா இதோ வந்துடுவாங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்." என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஊசி வச்சிருக்கியா?"

"இல்ல."

"காட்டு."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். திருப்பியும் காட்டச் சொன்னான். காட்டினேன். அப்புறம்தான் நகர்ந்து, என் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடினான். அவன் அம்மா வந்த பிறகும் உடனே எழுந்திருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தேன். கூந்தலில் வார்டு வாசனை இன்னும் போகவில்லை. காலெல்லாம் வலி, கெண்டைக்கால் இரண்டும் கல்லு மாதிரி இருக்கிறது. சுண்டு வந்து மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளிக்கிறாள். அவர் டீ போட்டுக்கொண்டிருக்கிறார்.

நாளைக்கும் காலை வேலை.